ஒரே நாளில் மறைந்த 33 ஆண்டு!

புதுச்சேரி கடற்கரைச் சாலை. மாலை மணி ஆறு.

வண்டிகளை நிறுத்திவிட்டார்கள். காந்தி சிலையைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. சுண்டல் விற்பவர் குரல் கொடுக்கிறார். குழந்தைகள் ஓடுகின்றன. பாறைகளின்மேல் வரிசையாக இளைஞர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரும் கடலைப் பார்க்கவில்லை!

"டேய், பின்னால் வர்றான்! சுடு, சுடு!" என்று ஒருவன் கத்துகிறான்.

வழியே போகும் பெரியவர் திடுக்கிட்டு நிற்கிறார். பயப்பட ஒன்றும் இல்லை. துப்பாக்கியும் எதிரியும் செல்போனுக்குள் இருக்கின்றன. நான்கு நண்பர்கள் சேர்ந்து வீடியோ விளையாட்டு ஆடுகிறார்கள். அவ்வளவுதான்!

விளையாட்டு புதுவைக்குப் புதிது அல்ல. இரும்புக் குண்டை உருட்டி ஆடும் "பெத்தாங்க்" என்ற பிரெஞ்சு விளையாட்டு இன்றும் இந்த ஊரில் நடக்கிறது. பிரெஞ்சுக் கொடி 1954-ல் இறங்கியது. குண்டு விளையாட்டு மட்டும் தங்கிவிட்டது. தாத்தா குண்டு உருட்டுகிறார். பேரன் திரையைத் தட்டுகிறான்.

ஆனால் ஒரு வேற்றுமை உண்டு. தாத்தாவின் விளையாட்டுக்கு நான்கு குண்டும் கொஞ்சம் மண் தரையும் போதும். பேரனின் விளையாட்டுக்குப் பின்னால் கோடிக்கணக்கான பணம் புரளுகிறது. பெரிய விளையாட்டு ஒன்றின் விலை 4,000 ரூபாய், 5,000 ரூபாய் என்று போகிறது. "இலவசம்" என்று வருகிற விளையாட்டும் உள்ளே நுழைந்தபின் சட்டைப் பையைத் தடவுகிறது.

இவ்வளவு பணம் புரளும் இடத்தில், எது நல்ல சரக்கு, எது போலி என்று வாங்குகிறவனுக்குச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? வேண்டும். அந்த வேலையைச் செய்ய உலகில் பல பத்திரிகைகளும் இணையதளங்களும் தோன்றின. இன்று அவை ஒன்றன்பின் ஒன்றாகக் கைமாறுகின்றன, சில மூடப்படுகின்றன.

அமெரிக்காவில் ஒரு விளையாட்டுப் பத்திரிகை மூடினால் புதுச்சேரிக்காரனுக்கு என்ன நஷ்டம் என்று கேட்கத் தோன்றும். நஷ்டம் உண்டு. அந்த நஷ்டத்தை மற்ற ஊர்களைவிடப் புதுவை நன்றாக அறியும். பத்திரிகை நின்றால் என்ன ஆகும் என்பதை இந்த ஊர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்ணால் கண்டிருக்கிறது.

விளையாட்டுக்கும் பத்திரிகை!

வீடியோ விளையாட்டுக்கென்று தனிப் பத்திரிகைகள் 1981-ல் தோன்றின. அமெரிக்காவில் ஒன்று, இங்கிலாந்தில் ஒன்று. ஜப்பானில் 1986-ல் தொடங்கிய "ஃபாமித்சு" பெரும் புகழ் பெற்றது. 1996-ல் இணையம் பரவத் தொடங்கியதும் "கேம்ஸ்பாட்", "ஐ.ஜி.என்." என்ற இரண்டு இணையதளங்கள் பிறந்தன.

இவற்றில் என்ன இருக்கும்? புது விளையாட்டு எப்போது வெளிவரும் என்ற செய்தி இருக்கும். வெளிவந்ததை ஆடிப்பார்த்து, பத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று விமர்சனம் எழுதுவார்கள். கடினமான கட்டத்தை எப்படித் தாண்டுவது என்று வழி சொல்வார்கள். சினிமாவுக்கு விமர்சனம் எழுதுவது போலத்தான்!

ஒரு வேறுபாடு முக்கியமானது. சினிமா பார்க்க வந்தவன் படம் முடிந்ததும் வீட்டுக்குப் போய்விடுவான். விளையாட்டு ஆடுகிறவன் போகமாட்டான். மாதக்கணக்கில் அதே விளையாட்டில் கிடப்பான், தன்னைப் போன்றவனைத் தேடுவான், பேசுவான், சண்டை போடுவான், நண்பனாவான். ஆகவே ஒவ்வொரு விளையாட்டுத் தளத்தைச் சுற்றியும் ஒரு சிறு ஊர் உருவாயிற்று. முகம் பாராத நட்பு. ஆனாலும் பலமான நட்பு.

இந்த விமர்சனங்களால் பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு 2020-ல் நடந்த ஒரு சம்பவம் பதில் சொல்லும்.

அந்த ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி "சைபர்பங்க் 2077" என்ற விளையாட்டு வெளிவந்தது. உலகமே எதிர்பார்த்த விளையாட்டு. வெளிவருமுன் விமர்சகர்களுக்குக் கம்ப்யூட்டரில் ஓடும் பிரதியை மட்டும் கொடுத்தார்கள். பழைய விளையாட்டுப் பெட்டிகளில் ஓடும் பிரதியைக் கண்ணில் காட்டவில்லை. ஏன்? வெளிவந்த பிறகு விளங்கிற்று. அந்தப் பெட்டிகளில் விளையாட்டு நடுவில் நின்றது, உருவங்கள் குலைந்தன. காசு கொடுத்தவர்கள் கொதித்தார்கள். ஒரே வாரத்தில் சோனி நிறுவனம் அந்த விளையாட்டைத் தன் கடையிலிருந்து எடுத்துவிட்டு, பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது.

விமர்சகன் கண்ணை மறைத்தால் வாங்குகிறவன் குழியில் விழுவான். இந்த ஒரு சம்பவமே அதற்குச் சாட்சி.

ஒரு வெள்ளிக்கிழமை

அமெரிக்காவில் மினியாபொலிஸ் என்று ஒரு நகரம். அங்கே வீடியோ விளையாட்டுகளை விற்கும் ஒரு கடை நிறுவனம், 1991-ல் தன் வாடிக்கையாளர்களுக்காக "கேம் இன்ஃபார்மர்" என்ற பத்திரிகையைத் தொடங்கிற்று. பிறகு அந்தக் கடை "கேம்ஸ்டாப்" என்ற பெரிய நிறுவனத்தின் கைக்கு வந்தது. கேம்ஸ்டாப் கடையில் சலுகை அட்டை வாங்குகிறவர்களுக்குப் பத்திரிகையும் சேர்ந்து கிடைத்தது. கேட்கவேண்டுமா? விற்பனை ஏறிற்று. ஒரு காலத்தில் 70 லட்சம் பிரதிகளைத் தாண்டி, அமெரிக்காவில் மிக அதிகமாகப் பரவிய பத்திரிகைகளுள் ஒன்றாக நின்றது!

காலம் மாறியது. விளையாட்டுகளைக் கடைக்குப் போய் வட்டுத் தகடாக வாங்கும் வழக்கம் குறைந்தது. வீட்டிலிருந்தபடியே இணையத்தில் இறக்கிக்கொள்ளத் தொடங்கினார்கள். கடை ஆட்டம் கண்டது. கடை ஆட்டம் கண்டால், கடையின் பத்திரிகை என்ன ஆகும்?

2024 ஆகஸ்டு 2-ந் தேதி, வெள்ளிக்கிழமை. ஊழியர்களைக் கூட்டினார்கள். "பத்திரிகை இன்றோடு நின்றது. உங்கள் எல்லோருக்கும் வேலை போயிற்று" என்பது செய்தி. கடைசி இதழ் என்று ஓர் இதழ் தயாரிக்கக்கூட இடம் கொடுக்கவில்லை.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி வாசகர்களுக்குக் காத்திருந்தது. இணையதளத்தைத் திறந்தவர்கள் ஒரே ஒரு பக்கத்தைத்தான் கண்டார்கள். அதில் பிரியாவிடைச் செய்தி. எந்தப் பழைய கட்டுரையைத் தேடினாலும் அதே பக்கம்! விமர்சனங்கள், பேட்டிகள், செய்திகள் எல்லாம் ஒரே நாளில் கண்ணை விட்டு மறைந்தன. 33 ஆண்டுப் பத்திரிகைக்கு ஒரு பக்கமே மிச்சம்!

பழைய காலத்தில் பத்திரிகை நின்றால் புது இதழ் வராது. வந்த இதழ்கள் வீட்டுப் பரணிலும் நூல்நிலையத்திலும் இருக்கும். பழைய பேப்பர் கடையிலாவது கிடைக்கும். இணையப் பத்திரிகைக்குப் பரண் கிடையாது. முதலாளி சாவியைத் திருப்பினால் நேற்று எழுதியதும் போகும். இருபது ஆண்டுக்கு முன் எழுதியதும் போகும். நின்றுபோவது வேறு, இல்லாமலே போவது வேறு. இந்தக் காலத்தில் இரண்டும் ஒன்றாக நடக்கின்றன.

கேம் இன்ஃபார்மர் கதைக்கு ஒரு நல்ல திருப்பமும் உண்டு. 2025 மார்ச்சில் "கன்ஸில்லா" என்ற விளையாட்டுத் தயாரிப்பு நிறுவனம் பத்திரிகையை வாங்கிற்று. பழைய ஆசிரியர் குழுவே திரும்பி வந்தது. மறைந்த கட்டுரைகளும் திரும்பின. இடையில் விட்டுப்போன விளையாட்டுகளுக்கும் சேர்த்து விமர்சனம் எழுதினார்கள்.

மகிழ்ச்சிதான். ஆனாலும் ஒரு முள் உறுத்துகிறது. முன்பு பத்திரிகைக்கு முதலாளி, விளையாட்டு விற்பவர். இப்போது முதலாளி, விளையாட்டு தயாரிப்பவர். ஆசிரியர் குழு சுதந்திரமாக இயங்கும் என்று உறுதி கூறியிருக்கிறார்கள். அந்த உறுதி நிற்கிறதா என்பதை வாசகர்கள் இதழுக்கு இதழ் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பத்துக்கு ஆறு!

இன்னொரு கதை. அது 2007-ல் தொடங்குகிறது.

கேம்ஸ்பாட் தளத்தில் ஜெஃப் கெர்ஸ்ட்மன் என்ற விமர்சகர் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வந்தார். "கேன் அண்ட் லிஞ்ச்" என்ற புது விளையாட்டுக்குப் பத்துக்கு ஆறு மதிப்பெண் போட்டார். சுமார் என்று பொருள். அந்த நேரத்தில் அதே விளையாட்டின் விளம்பரம் கேம்ஸ்பாட் தளம் முழுவதையும் அலங்கரித்துக்கொண்டிருந்தது!

நவம்பர் மாதக் கடைசியில் கெர்ஸ்ட்மன் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். காரணத்தை வெளியில் சொல்லக்கூடாது என்று ஒப்பந்தம். வாசகர்கள் சும்மா இருக்கவில்லை. "விளம்பரதாரருக்காக விமர்சகரை விரட்டுவதா?" என்று கூச்சல் எழுந்தது. 2012-ல் ஒப்பந்தம் தளர்ந்தபோது, விமர்சன மதிப்பெண்களையும் விளம்பரதாரரின் அதிருப்தியையும் ஒட்டியே தாம் நீக்கப்பட்டதாகக் கெர்ஸ்ட்மன் பகிரங்கமாகக் கூறினார்.

வெளியேறிய அவர் 2008-ல் சில தோழர்களுடன் சேர்ந்து புதுத் தளம் தொடங்கினார். பெயர் "ஜயன்ட் பாம்". தமிழில் சொன்னால் "இராட்சத வெடிகுண்டு"!

அங்கே ஒரு புதுமை செய்தார்கள். ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு பக்கம் திறந்து, அந்த விளையாட்டின் வரலாறு, ஆட்கள், இடங்கள் ஆகியவற்றை எழுதும் உரிமையை வாசகர்களுக்கே கொடுத்தார்கள். வாசகர்கள் எழுதிக் குவித்தார்கள். சம்பளம் இல்லை, பெயரும் பெரிதாகத் தெரியாது. ஆனாலும் எழுதினார்கள். ஊர்க்கோயிலில் கல் சுமப்பது போல அது ஒரு திருப்பணி.

2010-ல் சந்தா முறையைக் கொண்டு வந்தார்கள். விளம்பரத்தை மட்டும் நம்பாமல், வாசகன் தரும் பணத்தில் நிற்பது என்ற முயற்சி. அது பலித்தது. ஆனால் தளத்தின் உடைமை மட்டும் ஊழியர்களிடம் இல்லை. 2012-ல் ஒரு நிறுவனம் வாங்கிற்று. விந்தை என்னவென்றால், அதே நிறுவனத்தின் கையில்தான் கேம்ஸ்பாட்டும் இருந்தது! விரட்டப்பட்டவர் தொடங்கிய கடை, விரட்டிய கடைக்குப் பக்கத்திலேயே வந்து சேர்ந்தது. 2020-ல் வேறொரு நிறுவனம். 2022-ல் மற்றொன்று. மாடு கைமாறுவது போலத் தளம் கைமாறியது.

2025 மே மாதம் நெருக்கடி முற்றியது. மேலிடம் தளத்தைப் புது வழியில் நடத்த விரும்பிற்று. நிகழ்ச்சிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஊழியர் சிலர் விலகுவதாக அறிவித்தார்கள். "முடிந்தது கதை!" என்று வாசகர்கள் நினைத்தார்கள்.

முடியவில்லை. ஊழியர்களில் இருவர் தளத்தையே விலைக்கு வாங்கிவிட்டார்கள்! 17 ஆண்டுகளுக்குப் பிறகு ஜயன்ட் பாம், அதில் வேலை செய்கிறவர்களுக்கே சொந்தமாயிற்று. அவர்களுக்கு அந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? சந்தாதாரர்களிடமிருந்து வந்தது. நிறுவனம் போனாலும் வாசகன் போகமாட்டான் என்ற நம்பிக்கைதான் அவர்களுடைய மூலதனம்.

இதற்கு முன்னோடியும் உண்டு. "எஸ்கேப்பிஸ்ட்" என்ற தளத்தின் ஆசிரியர் 2023 நவம்பரில் நீக்கப்பட்டார். உடனே அவருடைய தோழர்கள் பலர் ராஜினாமா செய்தார்கள். எல்லோரும் சேர்ந்து "செகண்ட் விண்ட்" என்ற பெயரில் புதுக்குழு அமைத்தார்கள். வாசகர்கள் மாதச் சந்தா கொடுத்து அதை நிறுத்தி வைத்தார்கள்.

எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. "1அப்" என்ற தளம் 2013-ல் மூடப்பட்டது. "ஜாய்ஸ்டிக்" 2015-ல் மூடப்பட்டது. 2012-ல் பெரிய எதிர்பார்ப்போடு தொடங்கிய "பாலிகான்" 2025 மே முதல் தேதி, தொழிலாளர் தினத்தன்று, விற்கப்பட்டது. ஊழியர் பலர் அன்றே வேலை இழந்தனர்.

புதுவை கண்ட பத்திரிகை

இனி, கடற்கரைச் சாலையை விட்டு ஊருக்குள் வரவேண்டும். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதி. அங்கே ஒரு வீடு. பாரதியார் வாழ்ந்த வீடு. இன்று அது அருங்காட்சியகமாகவும் ஆராய்ச்சி நிலையமாகவும் இருக்கிறது.

1906-ல் சென்னையில் "இந்தியா" என்ற வாரப் பத்திரிகை தொடங்கியது. பாரதியார் அதன் உயிர். தமிழ்ப் பத்திரிகை உலகில் அரசியல் கேலிச் சித்திரங்களை முதலில் வெளியிட்ட பெருமை அதற்கு உண்டு. 1908-ல் வெள்ளையர் அரசு பாய்ந்தது. ஆசிரியர் என்று பதிவாகியிருந்த சீனிவாசன் சிறைப்பட்டார். பாரதியார் பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு வந்தார். அச்சுக்கூடமும் வந்து சேர்ந்தது. 1908 அக்டோபரில் "இந்தியா" புதுவையிலிருந்து மீண்டும் வெளிவந்தது.

பிரெஞ்சு எல்லைக்குள் வெள்ளைக்காரப் போலீஸ் கைவைக்க முடியாது. அச்சடிக்கத் தடை இல்லை. எழுதத் தடை இல்லை. அப்படியிருந்தும் 1910 மார்ச்சில் பத்திரிகை நின்றது! காரணம் என்ன?

வாசகர்கள் எல்லைக்கு அப்பால் இருந்தார்கள். சென்னை ராஜதானியில் இருந்த சந்தாதாரருக்குப் பத்திரிகை போய்ச் சேராதபடி வெள்ளையர் அரசு தடை போட்டது. பத்திரிகை போகாவிட்டால் சந்தா வராது. சந்தா வராவிட்டால் காகிதம் ஏது, மை ஏது? ஆசிரியரைப் பிடிக்க முடியாதவர்கள் வாசகரைத் துண்டித்தார்கள். பத்திரிகையின் உயிர்நாடி அச்சுக்கூடத்தில் இல்லை, வாசகன் வீட்டு வாசலில் இருக்கிறது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

பாரதியார் அதன்பின்னும் எட்டு ஆண்டுகள் புதுவையில் இருந்தார். 1918-ல்தான் வெளியேறினார். "இந்தியா" திரும்பி வரவில்லை.

விடுதலைப் போரையும் வீடியோ விளையாட்டையும் ஒரு தட்டில் வைக்கலாமா என்று யாரும் கோபிக்கத் தேவையில்லை. இரண்டும் ஒன்று அல்ல. ஒன்றில் நாட்டின் மானம், மற்றொன்றில் பொழுதுபோக்கு. ஆனால் பத்திரிகை சாகும் விதம் எங்கும் ஒன்றுதான். "இந்தியா"வை அடக்கியது ஆட்சி. கெர்ஸ்ட்மனை நீக்கியது விளம்பரத்தின் நெருக்குதல். கேம் இன்ஃபார்மரை மறைத்தது முதலாளியின் கணக்குப் புத்தகம். கை வேறு, கழுத்து ஒன்று. வாசகன் பக்கபலமாக இருந்த இடத்தில் பத்திரிகை பிழைத்தது. வாசகனைப் பிரித்த இடத்தில் மடிந்தது.

யூடியூப் சொல்லும் செய்தி

பாறைமேல் இருக்கும் இளைஞன் இந்தப் பத்திரிகைகளையெல்லாம் படித்தவன் அல்ல. அவனுக்குச் செய்தி யூடியூபில் வருகிறது. தமிழில், அவன் பேசும் பேச்சில், சிரிக்கச் சிரிக்க ஒருவர் சொல்கிறார். அவரிடம் திறமை உண்டு. உழைப்பும் உண்டு. ஆனால் அவர் சொல்வது செய்தியா, விளம்பரமா? சில வேளைகளில் அது பார்ப்பவனுக்குத் தெரிவதில்லை.

இதன் விளைவு சாதாரணமானது அல்ல. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ரம்மி முதலிய சூதாட்டங்கள் "விளையாட்டு" என்ற சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைந்தன. பிரபலமானவர்கள் விளம்பரத்தில் சிரித்தார்கள். குடும்பங்கள் கடனில் மூழ்கின. தற்கொலைகள் நடந்தன. தமிழ்நாடு சட்டமன்றம் 2022-ல் ஒரு தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆளுநர் அதைத் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும் என்றும், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களாகச் சேர்த்த பட்டியல் செல்லாது என்றும் தீர்ப்பளித்தது.

2025 ஆகஸ்டில் மத்திய அரசே சட்டம் கொண்டுவந்தது. 20-ந் தேதி மக்களவை. 21-ந் தேதி மாநிலங்கள் அவை. 22-ந் தேதி ஜனாதிபதியின் ஒப்புதல். மூன்றே நாளில் சட்டம்! பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டத்தை நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். அதற்கு விளம்பரம் செய்தால் 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். பணம் வைக்காத விளையாட்டுகளையும் மின்விளையாட்டுப் போட்டிகளையும் ஊக்குவிக்கலாம் என்றும் அதே சட்டம் சொல்லுகிறது.

இங்கேதான் நல்ல பத்திரிகையின் தேவை தெரிகிறது. சட்டம் விளம்பரக்காரனைத் தண்டிக்கும். ஆனால் எது விளையாட்டு, எது சூது என்று ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சொல்லச் சட்டத்தால் முடியாது. தடை செய்யப்பட்டது வேறு பெயரில் வந்தால், "இது அதுதான்!" என்று சுட்டிக்காட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் விளம்பரதாரரிடம் கூலி வாங்காதவராக இருக்கவேண்டும். "பப்ஜி" விளையாட்டு 2020 செப்டம்பரில் தடை செய்யப்பட்டது. 2021-ல் வேறு பெயரில் வந்தது. 2022 ஜூலையில் அதுவும் நிறுத்தப்பட்டது. 2023 மே மாதம் திரும்பவும் வந்தது. ஏன் போனது, ஏன் வந்தது என்று தெரிந்துகொள்ளாமலே எத்தனையோ பிள்ளைகள் ஆடினார்கள். எத்தனையோ பெற்றோர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெட்டகத்தைக் காப்பது யார்?

இனி ஒரே ஒரு கேள்வி பாக்கி. மறைந்ததை யார் காப்பாற்றுவது?

இதற்கும் புதுவையிடம் விடை இருக்கிறது. டூப்ளேயிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். சந்தையில் என்ன விலை, கப்பலில் என்ன சரக்கு, துரை என்ன சொன்னார் என்று அன்றாடம் எழுதி வைத்தார். அவர் மறைந்தபின் அந்தக் குறிப்புகள் பல காலம் வீட்டிலேயே கிடந்தன. 1846-ல் கல்லுவா மொம்பிரோன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்தார். இன்று 18-ஆம் நூற்றாண்டுப் புதுவையை அறிய அதைவிடச் சிறந்த சாட்சி இல்லை. அன்றாடச் செய்தி என்று யாராவது அதை அடுப்பில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

1955-ல் தொடங்கிய புதுச்சேரி பிரெஞ்சு ஆராய்ச்சி நிலையம் ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிக் கட்டுகளைக் காத்து வருகிறது. இந்த ஊரின் சைவச் சுவடிகளை 2005-ல் யுனெஸ்கோ உலக நினைவுப் பட்டியலில் சேர்த்தது.

பாரதியார் பத்திரிகைகளில் எழுதியவையும் தானாக மிஞ்சவில்லை. ரா. அ. பத்மநாபன், சீனி. விசுவநாதன் முதலியோர் ஆயுள் முழுவதும் தேடித்தேடிச் சேர்த்தார்கள். சீனி. விசுவநாதன் கால வரிசைப்படி தொகுத்த பாரதி படைப்புகள் 23 தொகுதிகள்! 2025-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 1949-ல் சென்னை அரசு பாரதியார் நூல்களின் உரிமையை வாங்கி, பிறகு பொதுவாக்கியது. ஆகவே இன்று ஒரு முதலாளி சாவியைத் திருப்பிப் பாரதியாரை மறைத்துவிட முடியாது.

விளையாட்டு உலகிலும் இப்படிப்பட்டவர்கள் தோன்றியிருக்கிறார்கள். அமெரிக்காவில் வீடியோ விளையாட்டு வரலாற்று அறநிலையம் என்று ஒன்று உண்டு. 2010-க்கு முன் அந்நாட்டில் வெளிவந்த விளையாட்டுகளில் நூற்றுக்கு 87 இன்று கடையில் கிடைப்பதில்லை என்று 2023-ல் அது கணக்கெடுத்துச் சொன்னது. 2025 ஜனவரியில் பழைய விளையாட்டுப் பத்திரிகைகளை யாரும் படிக்கும்படி இணைய நூல்நிலையம் ஒன்றையும் திறந்தது. 1996 முதல் இணையப் பக்கங்களைப் படியெடுத்து வைக்கும் "இன்டர்நெட் ஆர்க்கைவ்" என்ற நிலையமும் இருக்கிறது. கேம் இன்ஃபார்மர் மறைந்தபோது வாசகர்கள் ஓடிய இடம் அதுதான். ஆனால் 2024 அக்டோபரில் அந்த நிலையமே திருடர்களின் தாக்குதலுக்கு ஆளாகிப் பல நாட்கள் மூடிக் கிடந்தது! உலகத்து நினைவையெல்லாம் ஒரே பெட்டியில் பூட்டி வைப்பதும் ஆபத்துத்தான்.

செய்யவேண்டியது

பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. புதுவையில் கல்லூரிகள் இருக்கின்றன. கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். 1827-ல் தோன்றிய பொது நூல்நிலையம் ரோமன் ரோலந்து பெயரில் இன்றும் இயங்குகிறது. நான்கு மாணவர்கள் கூடி, புதிதாக வரும் விளையாட்டை ஆடிப்பார்த்து, "இது வாங்கலாம், இது வேண்டாம், இது சூது" என்று தமிழில் எழுதத் தொடங்கலாம். எழுதியதை அச்சிட்டு நூல்நிலையத்தில் ஒரு பிரதி வைக்கலாம். விளம்பரம் வாங்கினால், வாங்கியதாக முதல் வரியிலேயே சொல்லிவிடலாம்.

பெற்றோரும் ஒன்று செய்யலாம். "எந்நேரமும் விளையாட்டா?" என்று அதட்டுவதோடு நிற்காமல், "இந்த விளையாட்டைப் பற்றி உனக்கு யார் சொன்னார்?" என்று ஒரு கேள்வி கேட்கலாம். பிள்ளை யோசிப்பான். அந்த யோசனையே பாதுகாப்பு.

வாசகனுக்கும் ஒரு கடமை இருக்கிறது. நல்லதை எழுதுகிறவனுக்கு மாதம் ஒரு டீக் காசாவது சந்தாவாகக் கொடுக்கவேண்டும். இலவசமாகக் கிடைக்கும் செய்திக்கு வேறு யாரோ விலை கொடுக்கிறார்கள். அவர் யார் என்று தெரியாதவரை, அந்தச் செய்தியை நம்புவது எப்படி?

கடற்கரையில் இருட்டிவிட்டது. கலங்கரை விளக்கம் தெரிகிறது. பாறைமேல் இருந்த இளைஞர்கள் எழுந்து, காலில் ஒட்டிய மணலைத் தட்டுகிறார்கள். "அடுத்த மாசம் புது கேம் ஒண்ணு வருதாமே, நல்லா இருக்குமாடா?" என்று ஒருவன் கேட்கிறான். "தெரியலை, வாங்கிப் பார்த்தால்தான் தெரியும்!" என்கிறான் மற்றவன்.

வாங்குமுன்பே அவனுக்குத் தெரியவேண்டும். அதற்குத்தான் பத்திரிகை.